கைம்பெண்களின் பட்டியலும் அரசின் செலவுக் கணக்கும்



‘இலவசம்’ என்ற சொல் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் பெரும் விவாதப் பொருளாகியுள்ளது. 2022 ஜூலை 16ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்து வைத்த பிரதமர், வாக்குகளுக்காக இலவசங்களை வாரி வழங்கும் போக்கு நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து என்று பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் இது குறித்த வழக்கை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. நம் வீடுகளிலும் இதே விவாதம்தான். “நாங்கள் கட்டுகிற வரியை இப்படி இறைக்கலாமா?” என்கிறார் ஒருவர். “ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் கண்ணை உறுத்துகிறதோ?” என்கிறார் இன்னொருவர். கட்சி சார்பின்றி, நம்பிக்கையாளர்களாக இதை எப்படி அணுகுவது என்று சற்றுச் சிந்திப்போம்.

கடன் பற்றிய கவலை நியாயமானதே

செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லாரும் ஏழைகளின் எதிரிகள் அல்லர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட நிதிநிலை வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றது. ஒரு குடும்பத்தின் பங்காகப் பார்த்தால் 2.63 லட்சம் ரூபாய். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வட்டிக்குப் போகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகாது. இன்றைய கடனை நாளை அடைக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள்.

திருச்சபையும் கண்மூடித்தனமான அரசுச் செலவை ஆதரிப்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட ‘சென்தேசிமுஸ் ஆன்னுஸ்’ சுற்றுமடலில், எல்லாவற்றையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டால் மக்களின் சொந்த முயற்சி மங்கிப் போகும், நிர்வாகச் செலவும் பெருகும் என்று எச்சரித்தார். குடும்பமும் ஊரும் செய்யக்கூடியதை அவர்களே செய்ய விட வேண்டும். அவர்களால் இயலாத இடத்தில் அரசு கைகொடுக்க வேண்டும். இதுவே திருச்சபையின் சமூகப் போதனை.

எல்லாம் ஒரே பெட்டியில் அடங்காது

ஆனால் ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பலவற்றைப் போட்டு மூடிவிடுகிறோம். 2006 தேர்தலில் வாக்களிக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் வாக்களிக்கப்பட்ட மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் ஒரு வகை. அவை தேவைதானா என்று கேட்பது தவறல்ல.

பள்ளிக் குழந்தையின் மதிய உணவு வேறு வகை. 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாகவும் அது விரிந்தபோது, பணத்திற்கு எங்கே போவது என்ற கேள்வி எழாமல் இல்லை. பின்னர் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. இன்று அதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை.

உழைத்து ஓய்ந்த முதியவருக்கும், துணையை இழந்த ஏழைப் பெண்ணுக்கும் மாதந்தோறும் வரும் உதவித்தொகை மூன்றாவது வகை. இதை நிறுத்தினால் தொலைக்காட்சி அணைவதில்லை, அடுப்பு அணைகிறது.

சத்தமில்லாத குறைப்பு

செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அறிவித்துக் குறைப்பது. அதற்குச் சட்டமன்றத்தில் விவாதம் வரும், போராட்டம் வரும். மற்றது, தொகையைக் கூட்டாமல் விட்டுவிடுவது. விலைவாசி ஏற ஏற அத்தொகை தானாகத் தேய்ந்துவிடும். இதற்கு விவாதமும் இல்லை, ஆணையும் இல்லை. ஏழை முதியோருக்கு நேர்ந்திருப்பது இந்த இரண்டாவது வகைக் குறைப்பே.

மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. முதியோருக்கு மத்திய அரசு தந்த பங்கு அப்போது மாதம் 75 ரூபாய். 2006இல் அது 200 ரூபாய் ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 2025 வரையிலும் அதே 200 ரூபாய்தான். இக்காலத்தில் விலைவாசி மும்மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. அதாவது, அந்த 200 ரூபாய் இன்று வாங்குவது 2006இல் ஏறக்குறைய 60 ரூபாய் வாங்கியதைத்தான்.

தமிழக அரசு 1962இலேயே மாதம் 20 ரூபாயுடன் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய பெருமைக்குரியது. 2011இல் 1,000 ரூபாய் ஆன தொகை, 2023இல் 1,200 ஆனது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைவாசி ஏறக்குறைய இரு மடங்கானது. கையில் வரும் பணம் கூடியது. அது வாங்கும் அரிசியும் மருந்தும் குறைந்தன.

அரசு ஊழியர்களுக்கு விலைவாசிக் குறியீட்டின்படி ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியமும் 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பணவீக்கத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. 2025 மார்ச்சில் அது மாதம் 1 லட்சத்திலிருந்து 1.24 லட்சமாக உயர்ந்தது. இதில் தவறில்லை. விலை ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்பது நியாயமே. அதே நியாயம் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதே கேள்வி.

பணம் இல்லை என்ற பதிலையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். முதலீடு பெருக வேண்டும் என்பதற்காக 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வரி குறைக்கப்பட்டபோது, அரசு இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான மேற்சொன்ன திட்டத்திற்கு 2025-26ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது 9,652 கோடி ரூபாய். வராமல் போகும் வரியும் ஒரு வகைச் செலவே. ஆனால் அதற்கு யாரும் ‘இலவசம்’ என்று பெயர் சூட்டுவதில்லை.

தொடக்கத் திருச்சபை கண்ட வழி

இத்தகைய சிக்கல் திருச்சபைக்குப் புதிதல்ல. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது (திப 6:1-6). திருத்தூதர்கள் பந்தியை நிறுத்தவில்லை. முறையிட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசவுமில்லை. நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கும்படி சீடர்களிடம் சொல்லி, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. விடுபட்டவர்களின் குரலை அறிந்தவர்களே பங்கிடும் இடத்தில் அமர்த்தப்பட்டார்கள்.

அதே திருச்சபைதான் ஒழுங்கையும் வகுத்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் (1 திமொ 5:3-16), கைம்பெண்கள் பட்டியலில் சேர்வதற்கு அறுபது வயதை வரம்பாக வைக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர்களை முதலில் அவர்களது குடும்பமே காக்க வேண்டும். அப்போதுதான் உண்மையிலேயே ஆதரவற்றவர்களுக்குத் திருச்சபை உதவ முடியும் என்கிறது. தகுதி பார்ப்பது தவறல்ல. ஆனால் தகுதி பார்ப்பதன் நோக்கம், தேவையில் இருப்பவருக்கு முழுமையாகக் கொடுப்பதே, அவரைக் கழித்துவிடுவதல்ல.

நாம் கேட்க வேண்டியவை

எனவே ஒரு திட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். ஒன்று, இதனால் முதலில் பாதிக்கப்படுபவர் யார். அதைத் தாங்கும் வலிமை அவருக்கு உண்டா? இரண்டு, வலிமை உள்ளவர்களிடமும் இதே அளவு தியாகம் கேட்கப்படுகிறதா? மூன்று, பாதிக்கப்படுபவரின் குரல் கேட்கப்பட்டதா? இம்மூன்றுக்கும் நேரிய பதில் இருந்தால், சிக்கனம் ஒரு நற்பண்பே. இல்லையென்றால், அது ஏழையின் தோளில் ஏற்றப்படும் சுமை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ஒன்றை நாம் கேட்கலாம்: முதியோர் உதவித்தொகையை விலைவாசியோடு இணைப்பீர்களா?

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் பொறுப்பு. வசதி இருந்தும் தாயை உதவித்தொகை வரிசையில் நிறுத்துவது நான்காம் கட்டளைக்கு எதிரானது. நம் அன்பியங்கள் தத்தம் தெருவில் உள்ள முதியோரைக் கணக்கெடுக்கட்டும். விண்ணப்பிக்கத் தெரியாதவரை இ-சேவை மையத்திற்கு அழைத்துச் செல்வதும், கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவரோடு வங்கிக்குச் செல்வதும், திடீரெனத் தொகை நின்றுபோனவருக்காகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு எழுதித் தருவதும் இரக்கச் செயல்களே. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அரை நாள் போதும்.

பழைய ஏற்பாட்டில், அறுவடையின்போது வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம், அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று ஆண்டவர் கட்டளையிட்டார் (இச 24:19-21). அதை உரியவனின் தாராள மனத்திற்கு விட்டுவிடாமல் சட்டமாகவே எழுதி வைத்தார். நம் நாட்டின் செலவுக் கணக்கிலும் அந்தக் கதிர்க்கட்டு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் பொறுப்பு. அதற்கான தெளிவையும் துணிவையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.