குடையாமலே பல் சொத்தைக்கு சிகிச்சை!

வலி வருமுன் போனால்தான் பலன்

பல்லடம்,

"டாக்டருகிட்டப் போனா பல்லைக் குடைஞ்சு போடுவாருங்க" என்று பயந்து கிராம்பைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அவர்களுக்கு ஒரு நல்ல சேதி. கூடவே ஒரு எச்சரிக்கை.

இரண்டு பல்லுக்கு நடுவே விழும் சொத்தை பலே திருடன். ஆரம்பத்தில் வலிக்காது, கூசாது. டாக்டர் கண்ணுக்கே பல சமயம் தப்பிவிடும். வாயில் சின்னத் தகட்டைக் கடிக்கச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் அகப்படும்.

மணிக்கொரு டீ!

விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர் தூக்கம் கலைய மணிக்கொரு டீ குடிக்கிறார். பல் இடுக்கில் இருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி, ஒருமணி பிடிக்கும். அதற்குள் அடுத்த டீ! பல்லின் மேலோடான எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. வெளியே ஓடு அப்படியே இருக்கும், உள்ளே சல்லடை.

இதை அடைப்பதானால் மேலிருந்து நல்ல பல்லைக் குடைந்துதான் உள்ளே போகவேண்டும். சொத்தை கடுகளவு, இழப்பு மிளகளவு!

ஜெர்மனியில் பெர்லின், கீல் நகரங்களின் பல் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி கண்டார்கள். 2009-ல் அந்த மருந்து விற்பனைக்கு வந்தது. பல்லிடுக்கில் மெல்லிய தாளைச் செருகி, 15 சதவீத அமிலக் கூழை 2 நிமிடம் வைக்கிறார்கள். (ஈறில் படாமல் ரப்பர் விரிப்புப் போடுவதால் பயமில்லை.) கழுவி உலர்த்தி, தண்ணீர் போன்ற ரெசின் பிசினை விடுகிறார்கள். திரி எண்ணெயை இழுப்பதுபோல் சல்லடை அதை இழுத்துக்கொள்கிறது. நீல ஒளி காட்டியதும் இறுகிவிடும். வழக்கமாக ஊசி தேவையில்லை, குடைச்சலும் இல்லை.

"அப்ப வலி வந்ததும் போய் போட்டுக்கலாமுங்களா?"

அதுதான் நடக்காது! குழி விழுந்துவிட்டால் இந்தப் பிசின் உதவாது. அடைக்கத்தான் வேண்டும், நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை.

எல்லா பல் டாக்டரிடமும் இந்தப் பிசின் இருக்காது, கேட்டுப் பார்க்கவேண்டும். ஆரம்பச் சொத்தைக்குப் புளோரைடு வார்னிஷ் பூசுவதும் உண்டு. வீட்டில் புளோரைடு கலந்த பேஸ்ட், பல்லிடுக்கு நூல் போதும். வடை தின்றதும் குண்டூசியால் குத்துவது வேண்டவே வேண்டாம்.

பிசின் போட்டுக்கொண்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் பிசின் எக்ஸ்ரேயில் தெரியாது. பின்னாளில் வேறு டாக்டர் படம் எடுத்தால், பழைய சொத்தை என்று நினைத்துக் குடைந்துவிடக்கூடும்! சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து காட்டவேண்டும்.