நினைவகமும் அளவலகும்

கண்டி இராச்சியத்து மாத்தளையில் வயல்களை விதைநெல்லால் அளந்தனர். நான்கு பேலா ஓர் அமுணம். அலகை மாற்றி வாசித்தவனுக்கு நிலம் நான்கு மடங்கு பிழைக்கும். லினக்ஸ் கணினியில் தரவுத்தளம் நிறுவுவோர்க்கும் இவ்விடர் உண்டு. செயல்முறைகள் பல கூடிப் பயன்கொள்ளும் பொது நினைவகத்துக்கு அவ்வியங்குதளம் இரு வரம்புகளை வைத்துள்ளது. ஒரு துண்டின் உச்சமாகிய ‘எஸ்எச்எம்மாக்ஸ்’ பைற்றிலும், அனைத்தின் கூட்டுத்தொகையாகிய ‘எஸ்எச்எம்ஆல்’ பக்கத்திலும் எண்ணப்படும். பக்கமொன்று பெரும்பாலும் 4096 பைற்று. ஆதலின் 8 கிகாபைற்று வேண்டுமாயின் முன்னதற்கு 8589934592 எனவும், பின்னதற்கு 2097152 எனவும் எழுதுதல் வேண்டும்.

2014 இல் வந்த லினக்ஸ் 3.16 க்கு முன் முன்னதன் இயல்பளவு 32 மெகாபைற்றே. அதனினும் பெருந்துண்டு கேட்ட பழைய போஸ்ட்கிரெஸ் தொடங்கவே மாட்டாது. 2013 இன் 9.3 ஆம் பதிப்பு அவ்வல்லலைப் பெரிதும் நீக்கிற்று. அது வெளிப்படையான பிழை. பின்னதிற் பைற்றுக்கணக்கை இடுவதே எமக்கு அச்சந்தருவது: கணினி வாளாவிருக்கும், வரம்போ 4096 மடங்கு பெருகிப் பெயரளவில் நிற்கும்.