உஷார்! பொங்கல் வாரத்தில் நியூயார்க்குக்கும் லீவு

கொல்லிமலையில் காபி வைத்திருப்பவர்கள் 2027 ஜனவரி 18, திங்கட்கிழமையைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். அமெரிக்காவில் அன்று மார்ட்டின் லூதர் கிங் நாள். நியூயார்க்கின் ஐசிஇ காபிச் சந்தை திறக்காது. அவர்களுக்கு லீவு என்றால் செம்மேட்டில் நமக்கென்ன என்று இருந்துவிட்டால் பணம் போகும்.

அரபிகாவுக்கு உலகம் முழுக்க விலை பேசுவது அந்தச் சந்தையை வைத்துத்தான். அறுவடைக் காலத்தில் நம் நேரப்படி மதியம் 2.45-க்குத் திறந்து நள்ளிரவு 12 மணிக்கு மூடுகிறது. வியாபாரி காலையில் சொல்லும் விலை முந்தின இரவு விலை. அந்தத் திங்கட்கிழமை லீவு என்றால், வெள்ளி இரவு நின்ற விலைதான் செவ்வாய் மதியம் வரை ஓடும். பிரேசிலில் மழை பெய்தாலும், டாலர் ஏறி இறங்கினாலும் அதில் தெரியாது. ஜனவரி மூன்றாவது திங்கள் என்பதால் இந்த லீவு எப்போதும் பொங்கலை ஒட்டியே வரும். 2024-ல் பொங்கலன்றே வந்தது. கையில் காசு தேவைப்படும் வாரம் பார்த்து இப்படி.

சந்தை திறந்திருந்தால், ஏற்றுமதியாளர் இங்கே வாங்கும் சரக்குக்கு அங்கே விற்பனை ஒப்பந்தம் போட்டு நஷ்டத்துக்குக் காப்பு தேடிக்கொள்வார். லீவு நாளில் அது முடியாது. அதனால் விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கேட்பார். அவர் பக்கம் அது நியாயம்தான், ஆனால் பிடித்தம் விழுவது உங்கள் மூட்டையில். செவ்வாய் மதியம் விலை ஏறித் திறந்தால் அந்த லாபம் உங்களுக்கு வராது.

அங்கே விலை பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று இருக்கும். 10 சென்ட் அசைந்தால், டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே, சுத்தம் செய்த கொட்டைக்குக் கிலோவுக்கு சுமார் 19 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு 900-க்கு மேல். 2025 நவம்பர் 20-ல் பிரேசில் காபி மீதிருந்த 40 சதவீதக் கூடுதல் வரியை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே விலை இறங்கியது. இதே அறிவிப்பு ஒரு வாரம் தள்ளி, நன்றித் திருநாள் லீவில் வந்திருந்தால்?

2026-ல் அந்தத் திருநாள் நவம்பர் 26. கிறிஸ்துமஸும் 2027 புத்தாண்டும் வெள்ளிக்கிழமை, ஆக ஒவ்வொன்றும் சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள். ரொபஸ்டா விலை பேசப்படும் லண்டனுக்கு டிசம்பர் 28, திங்களும் லீவு.

யாராவது வாட்ஸ்அப்பில் விலைப் படம் காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள். அடுத்து, எந்த மாத ஒப்பந்தம் என்று பாருங்கள். டிசம்பர் விலை வேறு, மார்ச் விலை வேறு. எது குறைவோ அதைக் காட்டுவது சுலபம். காபி வாரியத்தின் இணையதளத்தில் நியூயார்க், லண்டன் விலை தினமும் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால்கூட எடுத்துத் தரும். 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த பார்ச்மென்ட் நாலு நாளில் கெடாது, செவ்வாய் இரவு வரை தாராளமாகக் காத்திருக்கலாம். பறித்த பழத்துக்கு அந்த வசதி இல்லை. அதை லீவுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கு இந்தக் கதையே பொருந்தாது. மிளகு விலை கொச்சியைப் பார்த்துப் பேசப்படுவது. "நியூயார்க் லீவு, அதனால் மிளகும் டல்" என்று எவராவது சொன்னால் கழுத்து நீட்டாதீர்கள்.

செயலி வழியாக அமெரிக்கப் பங்கு வாங்கும் இளைஞர்களுக்கும் இதே எச்சரிக்கை. லீவன்று போட்ட ஆர்டர் வரிசையில் காத்திருந்து, மறுநாள் திறக்கும் விலை எதுவோ அதில் நிறைவேறிவிடும். லிமிட் விலை போடாமல் கைவைக்காதீர்கள். 2026 நவம்பர் 27 அன்று அந்தப் பங்குச் சந்தை அரைநாள்தான், நமக்கு இரவு 11.30-க்கே மூடிவிடும். விற்ற பணம் அடுத்த வேலைநாளில் சேரும் என்ற விதி 2024 மே 28 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் லீவு அதில் கணக்கில்லை. பொங்கலன்று, 2027 ஜனவரி 15 வெள்ளி இரவு விற்றால் பணம் 19-ம் தேதி செவ்வாய்தான் தரகர் கணக்குக்கு வரும், உங்கள் வங்கிக்கு வர அதற்கும் மேல்.