முட்டையும் முரட்டுத் தீயும்

இன்று அடுப்பங்கரையைப் பற்றி எழுதப் போகிறேன். "நாட்டு நடப்பு பேசுகிற பக்கத்திலே முட்டைப் பொடிமாசா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! உழைக்கிறவனின் வயிறு நாட்டு நடப்பிலே சேராததா என்ன?

என் கதையையே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை என் துணைவியார் நான்கு நாள் காய்ச்சலிலே படுத்துவிட்டார். பெண்ணுரிமை பற்றிப் பல மேடைகளிலே முழங்கியவன் நான். அன்றோ, உப்பு டப்பா எந்த அலமாரியிலே இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் நின்றேன். "முட்டை செஞ்சு குடுங்கப்பா" என்றாள் மகள். இதென்ன பெரிய வித்தை என்று அடுப்பை முழுதாகத் திருகினேன். எண்ணெய் புகைந்தது. முட்டைகளை உடைத்து ஊற்றினேன். உப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடி கருகிவிட்டது. மேலே பச்சையாகக் கிடந்தது. பதறிப்போய்க் கிண்டினேன். கிடைத்தது பொடிமாஸ் அல்ல, ரப்பர்!

மகள் இரண்டு வாய் மென்றாள். "அம்மா எழுந்திரிச்சதும் செய்யட்டும்ப்பா" என்றாள். மேடையிலே வாங்கிய கைதட்டலெல்லாம் அந்த ஒரு சொல்லிலே கரைந்துபோயிற்று.

படுக்கையிலிருந்து துணைவியார் சொன்னார்: "தீயைக் குறைச்சிருக்கலாமேங்க."

அவ்வளவுதான் தோழர்களே! முட்டைச் சமையலின் முழு இரகசியமும் அந்தச் சொல்லிலே அடங்கியிருக்கிறது.

ஏன் என்று கேட்கிறீர்களா? முட்டையிலே ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். அதிலே புரதம் நூல் உருண்டைகளைப் போலச் சுருண்டு கிடக்கிறது. சூடு ஏறினால் நூல் பிரியும்; ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; அந்தப் பின்னலுக்குள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் மிருதுவான முட்டை. சூடு மேலும் ஏறினால் பின்னல் இறுகும். பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதுதான் நான் செய்த ரப்பர்! வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் கரு 70 டிகிரியை ஒட்டி இறுகிவிடுகிறது. தண்ணீர் கொதிக்கவே 100 டிகிரி வேண்டும். புகைகிற எண்ணெயின் சூடோ அதைப்போல இரண்டு மடங்கு! முட்டை என்ன பாவம் செய்தது?

சரி, செய்யும் முறைக்கு வருவோம்.

முதலில் முட்டையைத் தண்ணீரிலே போட்டுப் பாருங்கள். படுத்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் நாளானது, மிதந்தால் வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றையும் சிறு கிண்ணத்திலே உடைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். ஒரு கெட்ட முட்டை மூன்று நல்ல முட்டைகளைக் கெடுத்துவிடும்!

மூன்று முட்டைக்கு ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை போதும். உப்பை முட்டையிலேயே போட்டு, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும்வரை அடித்து வையுங்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, பிறகு வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். இங்கேதான் அவசரம் கூடாது. வெங்காயத்தின் தண்ணீர் வற்றி, அது கண்ணாடிபோல் ஆகவேண்டும். ஈரத்தோடு இருக்கும்போது முட்டையை ஊற்றினால் பொடிமாஸ் சொதசொதவென்று ஆகிவிடும்.

இப்போது தீயைக் குறையுங்கள். நன்றாகக் குறையுங்கள். முட்டையை ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் கைவைக்காதீர்கள். ஓரம் இறுகியதும் கரண்டியால் அடியோடு சுரண்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மெல்ல, மெல்ல! இறுகியது உதிரும், இறுகாதது அடிக்கு ஓடும். வழிகிற முட்டை எங்கும் இல்லை, ஆனால் ஈரப்பளபளப்பு இன்னும் இருக்கிறது என்னும் பதத்திலே அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்ச வேலையை வாணலியின் சூடே முடித்துவிடும். மிளகுத்தூளைத் தூவி உடனே தட்டுக்கு மாற்றுங்கள். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மட்டும் பளபளப்பும் அடங்கும்வரை வேகவிடுங்கள்.

பத்து நிமிட வேலை. ஒரு முட்டையிலே ஏறத்தாழ 6 கிராம் புரதம். பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும் என்பதை உணர்ந்துதான் 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சத்துணவிலே முட்டை சேர்க்கப்பட்டது. பள்ளிக்கூடத்திலே அரசு தருகிறது. இரவிலே வீட்டில் தருவது யார்? அம்மாதானா? அவரும்தான் பஞ்சாலைக்கும் தையல் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க் களைத்து வருகிறார்! எட்டு மணி நேர வேலை என்பது நமக்கு மட்டும் கிடைத்த உரிமையா? அவருடைய வேலை நேரம் எப்போது முடிகிறது?

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி மாட்டுங்கள். "நீ உட்கார், நான் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள் கருகலாம். கருகினால், சுரண்டித் தேய்த்துக் கழுவுவதும் நீங்களாகவே இருங்கள்!

என் மகள் இப்போது, "அப்பா, நீங்களே செய்ங்க" என்கிறாள். நான் வாங்கிய பொன்னாடைகளிலே எதுவும் அதற்கு ஈடாகாது.