ஆட்சி மாற்றமும் வீதிகளும் (1796–1833)



"பிரித்தானியர் ஏன் வீதிகளை அமைத்தனர்?" என்னும் வினாவுக்கு, "மக்களின் போக்குவரத்து வசதிக்காக" என்று மட்டும் எழுதினால் அது முழுமையான விடையாகாது. காரணத்தை அறிய நிகழ்வுகளை வரிசைப்படி நோக்குங்கள்.

1796 இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றினர். 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். எனினும் ஒக்டோபர் 31 அன்று எமது மாவட்டத்துக் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். அதே ஆண்டில் கண்டிக்குச் சென்ற பிரித்தானியப் படை மலை, காடு, காய்ச்சல் ஆகியவற்றால் நலிந்து அழிவுற்றது. 1815 ஒப்பந்தத்தின் மூலம் கண்டி அவர்கள் வசமானபோதும் 1817–1818 இல் ஊவா வெல்லசக் கிளர்ச்சி வெடித்தது.

படை விரைந்து செல்ல வழியின்றி மலைநாட்டை ஆள முடியாது என்பதை இவை உணர்த்தின. எனவே எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி அமைக்கப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி எடுத்தனர். பின்னர் இவ்வீதி கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும் உதவியது.

ஆனால் அதை அமைத்தவர்கள் யார்? இராசகாரிய முறையின் கீழ் கட்டாய வேலை செய்த மக்களே. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின்போது இம்முறை ஒழிக்கப்பட்டது. 1833 இல் நாடு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட, வன்னி வட மாகாணத்துள் அடங்கியது.

நினைவிற் கொள்க: விடை எழுதும்போது இராணுவம், நிருவாகம், பொருளாதாரம் ஆகிய மூன்று காரணங்களையும் குறிப்பிடுங்கள். உழைத்த மக்களையும் மறவாதீர்கள்.