போன் வந்தாச்சு, சிக்னல் எங்கே?

புதிய செல்போனை முதல் ஆளாக வாங்குபவர்தான் இந்தியாவில் அதிக காலம் காத்திருக்கிறார். கருவி கைக்கு வந்துவிடுகிறது. அதற்கான அலை காற்றில் வருவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடுகிறது.

2008 ஆகஸ்ட் 22-ம் தேதி ஐபோன் 3ஜி இந்தியக் கடைகளுக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. பெயரில் இருந்த 3ஜி நாட்டில் இல்லை. ஏர்டெல்லும் வோடபோனும் 8 ஜி.பி. போனை ரூ.31,000-க்கும், 16 ஜி.பி. போனை ரூ.36,100-க்கும் விற்றன. அதே போன் அமெரிக்காவில் 199 டாலர். அன்றைய கணக்கில் பத்தாயிரம் ரூபாய்கூட ஆகாது. அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் மீதிப் பணத்தைக் கறந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் முழு விலையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி பூட்டும் போட்டுக் கொடுத்தது இங்கேதான்.

அந்தப் பூட்டு ஒரு வேடிக்கைக்கு வழி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் எம்.டி.என்.எல். 3ஜி சேவையைத் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் பி.எஸ்.என்.எல். சென்னையில் தொடங்கியது. ஆக, 3ஜி சேவை அரசு நிறுவனங்களிடம். 3ஜி போன் தனியார் நிறுவனங்களின் பூட்டுக்குள். இரண்டையும் ஒன்றுசேர்க்க விரும்பியவர் டெல்லி கஃபார் மார்க்கெட்டுக்கோ சென்னை பர்மா பஜாருக்கோ போய், பூட்டை உடைக்கத் தெரிந்த பையனின் ஸ்டூலுக்கு எதிரே காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பையன்களுக்குப் பழக்கம் முன்பே உண்டு. 2007-ல் வந்த முதல் ஐபோன் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. இருந்தும் ஆசைப்பட்டவர்கள் கையிலெல்லாம் அது இருந்தது.

தனியார் நிறுவனங்களுக்கு 3ஜி அலைவரிசை கிடைத்தது 2010 மே மாத ஏலத்தில்தான். அரசுக்கு ரூ.67,719 கோடி வந்தது. அவ்வளவு கொட்டிக் கொடுத்தும் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் நாட்டின் 22 வட்டங்களும் கிடைக்கவில்லை. ஒரு வட்டத்தில் பறந்த இணையம், ரயில் அடுத்த மாநில எல்லையைத் தாண்டியதும் நொண்டியடித்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் கைகோத்து ஒருவர் வலையை மற்றவர் பயன்படுத்த ஏற்பாடு செய்தன. கூடாது என்றது தொலைத்தொடர்புத் துறை. வழக்கு நடந்து, கூடும் என்று தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் சொன்னபோது 2014 ஏப்ரல். அதற்குள் 4ஜி வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அதிலும் அதே கதை. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஏர்டெல் 4ஜி சேவையைத் தொடங்கியது. 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நவம்பரில் ரூ.45,500 விலையில் இங்கே வந்த ஐபோன் 5, 4ஜி போன்தான். ஆனால் 2300 அதற்குத் தெரியாது. முதல் தடவை போன் இருந்தது, சேவை இல்லை. இரண்டாம் தடவை போனும் சேவையும் இருந்தன, ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியவில்லை.

இப்படி அடிபடுபவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். புது போன் வந்த வாரத்திலேயே வாங்கிவிடுவார். பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பார், பழையதை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்று. மற்றவர்களுக்குப் போன் மக்கர் செய்தால் இவரைத்தான் தேடி வருவார்கள். இவரைப் பணக்கொழுப்பு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இன்று ஆட்டோ ஓட்டுனர் கையில் இருக்கும் போனுக்கான சோதனை எலியாக நேற்று இருந்தவர் இவர்தான். 1995 ஜூலை 31-ம் தேதி அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி நாட்டின் செல்போன் சேவையைத் தொடங்கிவைத்தார். அப்போது நிமிடத்துக்கு ரூ.16 வரை கட்டணம். பேசினால் மட்டுமல்ல, யாராவது கூப்பிட்டாலும் காசு. அந்தக் காசைக் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் டவர்கள் முளைத்தன. வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது 2003 மே முதல் தேதியில்.

ஒரு விஷயத்தில் வாடிக்கையாளரின் சமயோசிதம் உலகக் கம்பெனிகளையே மாற்றியது. இந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டில் எடுக்கும், அலுவலகத்தில் எடுக்காது. அதில் இரவுப் பேச்சு மலிவு, இதில் இணையம் மலிவு. என்ன செய்வது? இரண்டு சிம். ஒரே போனில் இரண்டு சிம் போடும் வசதியை மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ், கார்பன் போன்ற இந்தியப் பெயர்கள் விற்றுத் தீர்த்தன. சந்தையை ஆண்ட நோக்கியா விழித்துக்கொண்டது 2010-க்குப் பிறகு. ஆப்பிளுக்கு 2018 வரை ஆனது. வெளிநாட்டில் இரண்டாவது சிம் என்பது வசதி. இங்கே அது இன்ஷூரன்ஸ்.

அந்த இன்ஷூரன்ஸுக்கும் பிரீமியம் கூடிவிட்டது. ஒரு காலத்தில் பத்து ரூபாய் ரீசார்ஜில் இரண்டாவது எண் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. 2018 கடைசியில் 28 நாளுக்கு ரூ.35 கட்டாவிட்டால் சேவை இல்லை என்று பெரிய நிறுவனங்கள் ஆரம்பித்தன. அது ஏன் 28 நாள்? ஆண்டின் 365 நாட்களை 28-ஆல் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று தடவை பணம் கட்ட வேண்டும். சம்பளம் பன்னிரண்டு தடவைதான் வருகிறது. புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. நிறுவனங்கள் கீழ்ப்படிந்தன, ஒன்று வைத்தன. மற்றவை 28-லேயே நிற்கின்றன.

பேச்சு பாதியில் அறுந்துபோகும் விவகாரம்தான் உச்சம். 2015-ல் இது நாடாளுமன்றம் வரை போனது. அக்டோபரில் டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: அறுந்துபோகும் ஒவ்வொரு அழைப்புக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய். 2016 ஜனவரி முதல் அமல். ஒரு ரூபாயில் என்ன வாங்க முடியும் என்பதல்ல கேள்வி. தவறு நடந்தால் பணம் எதிர்த் திசையிலும் பாயும் என்று முதன்முதலாக ஒரு விதி சொன்னது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2016 மே 11-ம் தேதி நீதிபதிகள் குரியன் ஜோசப், ஆர்.எப். நாரிமன் அடங்கிய அமர்வு விதியை ரத்து செய்தது.

தீர்ப்பின் தர்க்கத்தைப் படித்தால் கோபம் நீதிமன்றத்தின் மீது வராது. நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் அறுந்தால் பரவாயில்லை என்று டிராயின் தர விதியே அனுமதிக்கிறது. அனுமதித்த எல்லைக்குள் இருப்பவருக்கும் அபராதம் போடுவது எப்படி? மேலும், அறுந்துபோகும் அழைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களால் என்று டிராயின் ஆய்வுத்தாளே சொல்லியிருந்தது. அதற்கும் நிறுவனம் ஏன் பணம் தர வேண்டும்? விதியை எழுதியவர்கள் ஓட்டையோடு எழுதினார்கள். ஒரு ரூபாய் அந்த ஓட்டை வழியாகப் போனது.

அதே சமயத்தில் கருவிப் பித்தர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். பேச்சு அறுவதில்லை. ஆனால் எதிர்முனையில் சத்தமும் இல்லை. 'ஹலோ, ஹலோ' என்று கத்திவிட்டு நாமே துண்டிக்கிறோம். சிக்னல் போன பிறகும் இணைப்பை எத்தனை வினாடி பிடித்து வைத்திருப்பது என்பதை நிறுவனத்தின் கணினியில் கூட்டிக் குறைக்க முடியும். கூட்டி வைத்தால், வெறுத்துப்போய் வாடிக்கையாளரே துண்டிப்பார். கணக்கில் அது அறுந்த அழைப்பு ஆகாது. மௌனமாக ஓடிய வினாடிகளுக்குக் கட்டணமும் உண்டு. 2016-ல் டிராய் இதைத் துருவ ஆரம்பித்தது. பொதுமக்கள் 'நெட்வொர்க் சரியில்லை' என்று சொல்லிக் கடந்துபோன இந்த நுணுக்கத்தை, போன் திரையில் சிக்னல் எண்களைப் பார்க்கத் தெரிந்த பித்தர்கள் ஊருக்குச் சொன்னார்கள்.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைதான் நகரத்துக்கு வேண்டியது. 2016 ஏலத்தில் அரசு அதற்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி என்று அடிப்படை விலை வைத்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. 2021-லும் அதே கதி. 2022-ல் விலையை ரூ.3,927 கோடியாக இறக்கிய பிறகுதான் ஜியோ வாங்கியது. இடைப்பட்ட ஆறு வருடம் அந்த அலை யாருக்கும் பயனில்லாமல் கிடந்தது. லிஃப்டிலும் மாடிப்படியிலும் போன் செத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், சிக்னல் இல்லை என்று புகார் எழுதும் அதே குடியிருப்போர் சங்கம், மொட்டை மாடியில் டவர் வைக்கக் கூடாது என்றும் தீர்மானம் போடும். டவர் கதிர்வீச்சுக்கு 2012 முதல் இந்தியா வைத்திருக்கும் வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் என்று சொன்னாலும் மனம் இரங்காது.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்ததும் கணக்கே மாறியது. இலவசம் என்றதும் நாடே வரிசையில் நின்றது. பித்தருக்கு மட்டும் ஒரு நெருடல். ஜியோவிடம் 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். முந்தின வருடம் ஆசையாய் வாங்கிய 4ஜி போன்கள் பலவற்றில் 4ஜி வழியாகப் பேசும் வசதி இல்லை. தனியாக ஒரு செயலியை இறக்கி, அதற்குள் போய்த்தான் 'ஹலோ' சொல்ல முடிந்தது. சொன்னாலும் மற்ற நிறுவனங்களின் எண்களுக்கு அழைப்பு போய்ச் சேரவில்லை. இணைப்பு முனைகளைப் போதிய அளவு தரவில்லை என்று ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து ரூ.3,050 கோடி அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது.

அந்தப் போட்டியில் யார் யார் மிஞ்சினார்கள் என்பதை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017-ல் செல்போன் சேவையை மூடியது. டெலினார் ஏர்டெல்லில் கரைந்தது. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மறக்க முடியாதது ஏர்செல். 2018 பிப்ரவரியில் அதன் சிக்னல் ஊர் ஊராக அணைந்தது. எண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு குறியீடு வேண்டும். அதைப் பெற ஏர்செல் போனிலிருந்தே எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? ஜனங்கள் ஏர்செல் கடை வாசலில் நின்றார்கள். மாலை வரை நின்றார்கள். வங்கிக் கணக்கு, சமையல் கேஸ், ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன.

இன்று தனியாரில் மூன்று. அதில் வோடபோன் ஐடியாவில் அரசின் பங்கே 2025-ல் சுமார் 49 சதவீதம் ஆகிவிட்டது. பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவையை நாடெங்கும் முறைப்படி தொடங்கியது 2025 செப்டம்பரில். பிடிக்காவிட்டால் எண்ணோடு மாறிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. எங்கே மாறுவது என்பதுதான் பாக்கி. 2024 ஜூலை 3-ம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் ரூ.239 திட்டம் ரூ.299 ஆனது. அளவில்லா 5ஜி என்பதும் நாளுக்கு 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

அந்த 5ஜியின் பிறப்பும் பழைய ஜாதகப்படிதான். 2020 பிப்ரவரியில் ரியல்மி, ஐக்யூ நிறுவனங்கள் 5ஜி போன்களை இங்கே இறக்கின. அலைவரிசை ஏலம் நடந்தது 2022 ஜூலையில். அக்டோபர் முதல் தேதி பிரதமர் மோடி சேவையைத் தொடங்கிவைத்த பிறகு, இரண்டரை வருடமாகக் காத்திருந்தவர்கள் போனைத் திறந்து பார்த்தால் மூலையில் 4ஜி என்றே இருந்தது. ஆரம்ப கால 5ஜி போன்கள் பலவற்றில் ஓரிரு அலைவரிசைகளுக்கே இடம் இருந்தது. மற்றவற்றுக்கு மென்பொருள் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்க வேண்டியது போன் கம்பெனி. அதற்குச் சேவை நிறுவனத்தோடு பரிசோதனை முடிய வேண்டும். கடைக்காரரைக் கேட்டால் சேவை நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்; அவர்கள் போன் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள். அரசே தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு, ஐபோனுக்கான மென்பொருள் டிசம்பர் 13-ல் வந்தது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வாங்கியவர், பெட்டியில் 5ஜி என்று படித்த நாளிலிருந்து எண்ணினால் 26-வது மாதம். அவரது ஒரு வருட உத்தரவாதம் முடிந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விளம்பரத்தில் சொன்ன வசதியைத் தராத மிக்ஸியைக் கடைக்காரரிடம் திருப்பித் தரலாம். போனில் அது முடியாது. ஏனென்றால் போனில் குறை இல்லை. சேவையிலும் குறை இல்லை. ஏனென்றால் அந்த மாடலுக்குச் சேவை தருவதாக அவர்கள் சொல்லவில்லை. குறை நடுவில் இருக்கிறது, நடுவில் யாரும் இல்லை. எந்தெந்த அலைவரிசைகளில் இந்தப் போன் இந்தியாவில் வேலை செய்யும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னால் போதும். பிஸ்கெட் பாக்கெட்டில் மைதா எவ்வளவு என்று போடச் சொல்ல முடிகிறதே.

இதில் ஒரு படி மட்டும் நகர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்பதை வரைபடமாக இணையத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-ல் புதிய தர விதிகளைக் கொண்டுவந்தது. 2025-ல் நிறுவனங்கள் வெளியிட்டன. போன் வாங்கும் முன் உங்கள் தெருவைத் தேடிப் பார்க்கலாம். வரைபடத்தில் தெரு முழுக்க வண்ணம் பூசியிருக்கும். படுக்கையறைக்குள் என்ன நிலவரம் என்பதை, பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.