மரியாதையா, பயமா?

பின்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு வயசுப் பேரன் டீச்சரைப் பெயர் சொல்லியே பேசினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி இது, மட்டு மரியாதை இல்லாமல்!" என்றேன்.

"இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தாம்மா. ஆனா டீச்சர்னா இந்த ஊரில் ரொம்ப மதிப்பு. முதுகலைப் பட்டம் வாங்கினால்தான் அந்த வேலை" என்றாள்.

ஜப்பானில் வேறு விதம். பாடம் தொடங்குமுன் எழுந்து, தலை குனிந்து வணங்குவார்கள். 'சென்செய்' என்றுதான் அழைப்பார்கள். வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகளேதான்!

நம் நாட்டில் 1962 முதல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ரோஜாப்பூ கொடுத்து அனுப்புகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் இதே மகள் சின்ன வயசில், 'ஒன்றுக்குப் போகணும்' என்று டீச்சரிடம் கேட்கப் பயந்து, அடக்கி அடக்கியே நீர்க்கடுப்பில் துடித்தாள். "இரு, உங்க டீச்சர்கிட்டே சொல்றேன்" என்று தினமும் பூச்சாண்டி காட்டியவள் நான்தானே!

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. டீச்சரைக் காட்டி மிரட்டாதீர்கள். பிள்ளை காதுபட அவரைக் குறை பேசாதீர்கள். "வணக்கம் சொல்லு; சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிக் கேளு" என்று சொல்லி அனுப்புங்கள். கேட்கத் துணியும் பிள்ளைதான் டீச்சரை உண்மையில் மதிக்கிறது, இல்லையா?